திரு. நாடன்

வேலந்தாவளத்தில் பீடிக்கடைக்கு மேலே
என் ரெக்கார்டிங் சென்டர்.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
ஃபேனை நிறுத்தினால்தான் பதிவு.

செங்கல் சூளையிலிருந்து நேராக வருவாள் மயிலாத்தா,
புருவத்தில் செம்மண்ணோடு.
மைக்கைப் பார்த்துப் பாட மாட்டாள்.
ஜன்னல் வழியே
செக்போஸ்ட்டில் காத்துக் கிடக்கும்
லாரிகளைப் பார்த்துப் பாடுவாள்.
நடுவில் ஹாரன் அடித்தால்
அதற்கும் ஒரு பதிலைக் கட்டிச் சேர்த்துவிடுவாள்.

எழுதப் படிக்கத் தெரியும். எழுத மாட்டாள்.
"எழுதினா ஒரே மாதிரி நின்னுரும் ராவுத்தரே."

உடைந்த கல்லுக்குக் கூலி பிடித்த மேஸ்திரியைப்
பாட்டில் வைத்தாள்.
நாலு நாள் வேலை இல்லை.
ஐந்தாம் நாள் காலையில்
அந்த மெட்டையே முணுமுணுத்தபடி
கூப்பிட வந்தான் மேஸ்திரி.

வாய்க்கால் வறண்ட வருஷம் தண்ணீர்ப் பாட்டு.

*ஆளியாறே, ஆளியாறே, உனக்கு மாமியா ரெண்டு.
அங்க ஒரு கொடம், இங்க ஒரு கொடம்,
உனக்குக் குடிக்க ஏது?*

ஒரே டேக்.
ஃபேனைப் போட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

பாலக்காட்டு அச்சகத்திலிருந்து போன்.
கேசட் அட்டையில் பாட்டு எழுதியது யார் என்று போட?
லைனில் இரைச்சல், கடையில் கூட்டம்.
"நாடன் பாட்டுதான், அப்படியே போட்டுக்கோ" என்றேன்.

மலையாளத்தில் அது நாட்டுப்புறம்.
தமிழில் அது ஓர் ஆள்.

அந்தக் கோடையில் ஒரே நாளில்
சித்தூர்ப் பக்கம் ஒரு பந்தல், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பந்தல்.
இரண்டு மேடையிலும் தண்ணீர் கேட்டுக் கத்தியது
என் கேசட்.
மயிலாத்தா அன்று சூளையில்
எழுநூறு கல் சுமந்தாள்.

கடிதங்கள் வந்தன.
திரு. நாடன் அவர்களுக்கு.
நாடன் அண்ணாவுக்கு, உங்கள் மீசை எப்படி இருக்கும்?
உடுமலையிலிருந்து ஒரு வாத்தியார்
நூற்றைம்பது ரூபாய் மணியார்டர் அனுப்பினார்.
போஸ்ட்மேன் கையெழுத்துக் கேட்டான்.
நாடன் என்று போட்டேன்.
டெக்கின் ஹெட் தேய்ந்திருந்தது.
மாற்றினேன்.

கேசட் போச்சு. சி.டி. வந்தது, அதுவும் போச்சு.
இப்போது என்னிடம் இருப்பது
ஆறு பெட்டி, ஒரு மிக்ஸர், ஒரு பழைய ஜெனரேட்டர்.
போன ஜனவரி பள்ளிக் கலோத்சவத்துக்கு
மைக்செட் என்னுடையது.

நாடன்பாட்டுப் போட்டி. ஏழு பிள்ளைகள்.
நடுவில் நின்றவள் எடுத்தாள்:
*அங்க ஒரு கொடம், இங்க ஒரு கொடம்,
உனக்குக் கெடக்க ஏது?*

நடுவர் மைக்கை வாங்கி, என் மைக்கைத்தான்,
"நூறு வருஷமாவது இருக்கும் இந்தப் பாட்டுக்கு,
கட்டியவர் பெயர் தெரியாது" என்றார்.
வால்யூமைக் குறைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

கட்டியவள் சமையல் பந்தலில்
சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத்
தேய்த்துக்கொண்டிருந்தாள்.
காண்ட்ராக்டரின் ஆட்களில் ஒருத்தி.
"கேட்டியா? குடிக்கங்கறதைக்
கெடக்கன்னு தப்பாப் பாடிட்டா."

வெளியே வந்தாள். கை நிறையக் கரி.
"மணலெல்லாம் லாரியில போயிருச்சே.
ஆத்துக்குப் படுக்க எடமேது?
அந்தப் புள்ள சரியாத்தான் பாடுது."

அப்போதுதான் சொன்னேன்,
அட்டை, இரைச்சல், நாடன், மணியார்டர்.
முப்பத்தைந்து வருஷம்
சட்டைப் பையிலேயே வைத்திருந்தது போல
எல்லாம் ஒழுங்காக வந்தது.

"மீசையா கேட்டாங்க?" என்றாள் முதலில்.
பிறகு, "நூத்தம்பதைக் குடு."
இருநூறு நீட்டினேன்.
இடுப்பு முடிச்சை அவிழ்த்து
ஈரமான ஐம்பதை எண்ணித் திருப்பித் தந்தாள்.

"இனிமே உன் பேரைப் போடறேன்" என்று ஆரம்பித்தேன்.
காதில் வாங்கவில்லை.
அண்டாவுக்குள் தலையை விட்டுப்
புதுச் சொல்லைப் பாடிப் பார்த்தாள்.
ஒரு இடத்தில் தாளம் இடித்தது.
கரண்டியால் விளிம்பில் தட்டினாள்,
மறுபடி எடுத்தாள்.

பெட்டிகளை வண்டியில் ஏற்ற வேண்டும்.
ஜெனரேட்டரை மட்டும் அணைத்துவிட்டு
நின்றேன்.